வாகனம் வாங்குமுன் பின் ஆசனத்தைப் பாருங்கள்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையும் மண்சரிவும் மலையகத்தில் எத்தனையோ குடும்பங்களை வீட்டை விட்டு வெளியேற்றின. உறவினர் வீட்டிலும் பாடசாலை மண்டபத்திலும் தங்கியிருந்துவிட்டு இப்போது திரும்பி வருகிற குடும்பங்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பவற்றில் வாகனமும் ஒன்று. பழைய இடத்துக்கே போகிறவர்களுக்கு வழக்கமான பாதை சில இடங்களில் இல்லை. புதிய இடம் கிடைத்தவர்களுக்குப் பாடசாலை, கிளினிக், வேலைத்தலம் எல்லாமே தூரமாகிவிட்டன. "ஒரு ஆட்டோ எடுத்துவிடலாமா? பழைய வேன் ஏதாவது பார்க்கலாமா?" என்று கேட்கிறீர்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் அம்மாவின் சேமலாப நிதிப் பணமோ, அடகுக்குப் போகவிருக்கும் நகையோ, மாதாமாதம் கட்டவேண்டிய லீசிங்கோ இருக்கிறது. அதே வாகனத்தில் உங்கள் பிள்ளைகளும் ஏறப்போகிறார்கள். பணத்தையும் பிள்ளையையும் சேர்த்து யோசிக்கத்தான் இந்தப் பகுதி.

முதலில், வாங்கத்தான் வேண்டுமா என்று ஒரு மாதக் கணக்கு எழுதிப் பாருங்கள். பாடசாலைக்கு எத்தனை நாள், கிளினிக்குக்கு எத்தனை நாள், டவுனுக்கு எத்தனை நாள் என்று எழுதி, அதற்கு ஆகும் பஸ், ஆட்டோ கூலியைக் கூட்டுங்கள். பிறகு லீசிங் தவணை, காப்புறுதி, பெற்றோல், டயர், வருடாந்த அனுமதிப்பத்திரம், கராஜ் செலவு ஆகியவற்றைக் கூட்டுங்கள். இரண்டாவது தொகை முதலாவதைவிட மிகக் கூடுதலாக வந்தால், அதே டிவிஷனில் நம்பிக்கையான ஒருவரின் வேனை நாலு குடும்பம் சேர்ந்து மாத வாடகைக்குப் பேசிக்கொள்வதே புத்திசாலித்தனம். வாகனம் இல்லாத வீடு குறைந்த வீடு அல்ல. தவணை கட்ட முடியாமல் வண்டியையும் கட்டிய பணத்தையும் சேர்த்து இழந்த வீடுகளைத் தோட்டங்களில் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

வாங்குவது என்று முடிவெடுத்தால், பெரும்பாலும் வீட்டு ஆண்களும் ஒரு மெக்கானிக்கும் போய் என்ஜின் சத்தம் கேட்டு, பெயின்ட் பார்த்து, எத்தனை பேர் உட்காரலாம் என்று எண்ணிப் பார்த்து விலை பேசுவார்கள். பிள்ளைகள் உட்காரப்போகும் பின் ஆசனத்தை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அங்கிருந்துதான் தொடங்கச் சொல்கிறோம். முடிந்தால் பிள்ளையின் தாயையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

பின் ஆசனத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் ஆசனப்பட்டி இருக்கிறதா? தோளிலும் இடுப்பிலுமாக மூன்று இடத்தில் பிடிக்கும் பட்டியா, இடுப்பை மட்டும் சுற்றும் பட்டியா? கொக்கி "க்ளிக்" என்று பூட்டுகிறதா? பட்டியை வெடுக்கென்று இழுத்தால் இறுகி நிற்கிறதா? பழைய வேன்கள் பலவற்றில் பின் ஆசனங்களை மாற்றியிருப்பார்கள், ஆட்கள் அதிகம் ஏற்றுவதற்காக நடுவில் பலகை ஆசனம் போட்டிருப்பார்கள், பட்டிகளை வெட்டி எறிந்திருப்பார்கள். அப்படிப்பட்ட பத்துப் பேர் வேனைவிட, பின்னால் மூன்று புள்ளிப் பட்டியுள்ள நாலு பேர் செல்லும் சின்னக் கார் உங்கள் குடும்பத்துக்கு மேலானது. அகலம் குறைந்த தோட்டப் பாதையில் திரும்புவதற்கும் அதுவே வசதி. பட்டி இல்லாத ஆசனத்தில் குழந்தை ஆசனத்தைப் பூட்ட வழியே கிடையாது.

மடி ஏன் போதாது

"மெதுவாகத்தானே போகிறோம், பிள்ளை என் மடியில்தானே இருக்கிறான்" என்று தாய்மார் சொல்வது அன்பினால்தான். ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் போகிற வாகனம் ஒன்றில் மோதி நின்றால், அந்த ஒரு நொடிக்குள் 10 கிலோ எடையுள்ள குழந்தை 100 கிலோவுக்கு மேற்பட்ட பாரமாக முன்னோக்கி இழுபடும். தேயிலை மூட்டையைத் தலையில் சுமந்து பழகிய கைகளுக்கும் அதைப் பிடித்து வைத்திருக்க முடியாது. அதே வேகத்தில் மோதுவது ஏறக்குறைய 6 மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டு மாடி உயரத்திலிருந்து, விழுவதற்குச் சமம். தாய் பட்டி போடாமல் இருந்தால் தாயின் பாரமும் பிள்ளைமேல் சேரும். ஒரே பட்டிக்குள் தாயையும் பிள்ளையையும் சேர்த்துப் பூட்டுவதும் ஆபத்தே. பட்டிக்கும் தாயின் உடம்புக்கும் நடுவில் பிள்ளை நசுங்கும்.

உங்கள் சாரதி கவனமானவராக இருக்கலாம். எதிரே இறங்கி வருகிறவர் உங்கள் கையில் இல்லை. 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில், பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி வந்த பஸ் ஒன்று வேன் ஒன்றுடனும் ஆட்டோ ஒன்றுடனும் மோதிப் பள்ளத்தில் விழுந்தது. வேனில் இருந்த 6 பேரும் ஆட்டோ சாரதியும் இறந்தார்கள். அத்தனை பெரிய மோதலில் ஆசனப்பட்டி காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல வரவில்லை. நாம் கவனமாகப் போவது மட்டும் இந்த வீதிகளில் போதாது என்பதற்காகச் சொல்கிறோம். கொத்மலை கெரண்டி எல்ல பகுதியில் 2025 மே 11 அதிகாலை பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்ததும் உங்களுக்குத் தெரியும். ஆனால் மலை வீதிகளில் அன்றாடம் நடக்கும் மோதல்களில் பெரும்பாலானவை இவ்வளவு பெரியவை அல்ல. திடீர் பிரேக், வளைவில் உரசல், வடிகாலில் சக்கரம் இறங்குதல், பின்னால் வந்து இடித்தல். பட்டியும் குழந்தை ஆசனமும் உயிரைக் காப்பது இந்த வகை விபத்துகளில்தான். சரியாகப் பூட்டிய ஆசனம் கைக்குழந்தைகளின் மரணத்தைச் சுமார் 70 வீதம் குறைக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

எந்தப் பிள்ளைக்கு எந்த ஆசனம்

பிறந்த நாளிலிருந்து குறைந்தது 15 மாதம் வரை பிள்ளை வாகனத்தின் பின்பக்கம் பார்த்து உட்காரும் ஆசனம் வேண்டும். கைக்குழந்தையின் தலை உடம்போடு ஒப்பிட்டால் பெரிது, கழுத்து இளசு. முன்னோக்கி உட்கார்ந்தால் மோதலில் தலை பறந்து கழுத்து இழுபடும். பின்னோக்கி இருந்தால் முதுகும் தலையும் சேர்ந்து ஆசனத்திலேயே அழுந்தும். கால் மடங்குகிறதே என்று அவசரப்பட்டுத் திருப்பாதீர்கள். கால் மடங்கினால் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. ஆசனத்தின் எடை எல்லைக்குள் இருக்கும்வரை இரண்டு வயதுக்கு மேலும் அப்படியே வைக்கலாம்.

அதற்குப் பிறகு, சுமார் 18 கிலோ வரை, ஆசனத்திலேயே தோள்வார் உள்ள முன்னோக்கிய ஆசனம். அதன்பிறகு பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர் ஆசனம். பூஸ்டர் எதற்கென்றால், வாகனத்தின் பட்டி பெரியவர்களின் உடம்புக்கு அளந்து செய்தது. சின்னப் பிள்ளைக்கு அது கழுத்தை அறுக்கும், வயிற்றில் ஏறும். உயர்த்தி வைத்தால் பட்டி தோள்பட்டையின் நடுவிலும் தொடையின் மேல்பகுதியிலும் படியும். பிள்ளை குறைந்தது 135 சென்டிமீற்றர் உயரம் வளரும்வரை பூஸ்டர் வேண்டும். வயதை மட்டும் பார்க்காதீர்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் வயதுக்குச் சற்றுச் சிறிய உடம்புடையவர்கள். கிளினிக் அட்டையில் இருக்கும் எடையையும் உயரத்தையும் பார்த்து முடிவெடுங்கள்.

புதிய ஆசனம் விலை கூட. பலர் பாவித்ததைத்தான் வாங்குவார்கள், அல்லது யாராவது தருவார்கள். வாங்கலாம், ஆனால் மூன்று விடயம் கேளுங்கள். விபத்தில் சிக்கியதா? எந்த வருடம் செய்தது? வார், கொக்கி, மெத்தை எல்லாம் இருக்கிறதா? ஆசனத்தின் பின்னாலோ அடியிலோ வட்டத்துக்குள் "ஈ" எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் அச்சிட்ட செம்மஞ்சள் ஒட்டி ஒன்று இருக்கும். அது சர்வதேசத் தரச் சோதனையில் தேறியதற்கான அடையாளம். எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஆளில்லாத ஆசனம், பிளாஸ்டிக் வெடித்த ஆசனம், வெள்ளத்திலும் சேற்றிலும் ஊறிய ஆசனம் மூன்றையும் வேண்டாம் என்று சொல்லுங்கள். இலவசமாகக் கிடைத்தாலும் சரி. ஊறிய ஆசனத்தின் வாரும் கொக்கியும் உள்ளே பழுதாகியிருந்தாலும் வெளியே தெரியாது.

பூட்டும் முறை

வாகனத்தைச் சமதரையில் நிறுத்துங்கள். மலைச்சரிவில் நிறுத்திப் பூட்டினால், பின்னோக்கிய ஆசனத்தின் சாய்வு பிழையாகத் தெரியும். தலை சாய்ந்து மூச்சு முட்டும் அளவுக்கு ஆசனம் நிமிர்ந்துவிடலாம். பிரட்டுக்களமோ தொழிற்சாலை முற்றமோ நல்ல இடம்.

ஆசனம் பின் இருக்கையில்தான். முன்னால் காற்றுப்பை உள்ள வாகனத்தில் பின்னோக்கிய ஆசனத்தை முன் இருக்கையில் வைத்தால், காற்றுப்பை வெடித்து விரியும் வேகமே குழந்தையைக் கொல்லும். பின் இருக்கையின் நடுவில் மூன்று புள்ளிப் பட்டி இருந்தால் நடு இடம் நல்லது. சின்னக் கார்கள் பலவற்றில் நடுவில் இடுப்புப் பட்டி மட்டும்தான் இருக்கும். அப்போது இடது பக்கம் வையுங்கள். நம் நாட்டில் இடப்பக்கமாகத்தானே போகிறோம், வாகனங்கள் விரையும் பக்கம் இறங்காமல் வீதி ஓரத்திலேயே பிள்ளையை இறக்கலாம்.

பட்டி எந்த வழியாகப் போகவேண்டும் என்று ஆசனத்தின் பக்கவாட்டில் நிறம் தீட்டிக் காட்டியிருப்பார்கள். பின்னோக்கி வைக்க நீலம், முன்னோக்கி வைக்க சிவப்பு என்பது வழக்கம். பட்டியைக் கொண்டுபோய்ப் பூட்டிய பிறகு, ஒருவர் முழங்காலை ஆசனத்தின் மேல் வைத்து முழுப் பாரத்தையும் அழுத்த, மற்றவர் பட்டியின் தளர்ச்சியை இழுத்து இறுக்கவேண்டும். இதை ஒருவர் தனியே செய்வது கஷ்டம். பிறகு பட்டி போகும் இடத்தில் கையால் பிடித்து இடவலமாக ஆட்டிப் பாருங்கள். இரண்டரைச் சென்டிமீற்றருக்கு மேல் அசைந்தால் மறுபடியும் இறுக்குங்கள். ஜப்பானில் இருந்து வந்த புதிய கார்களில் ஆசனமும் முதுகும் சேரும் இடுக்கில் இரண்டு இரும்பு வளையங்கள் இருக்கலாம். அவற்றில் கொளுவும் வகை ஆசனம் கிடைத்தால் பட்டி இழுக்கும் வேலை மிச்சம், பிழையும் குறைவு.

இனி பிள்ளை. பின்னோக்கிய ஆசனத்தில் தோள்வார் பிள்ளையின் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருந்து வரவேண்டும். முன்னோக்கியதில் தோள் மட்டத்திலோ சற்று மேலேயோ. இறுக்கிய பிறகு தோளருகே வாரைக் கிள்ளிப் பாருங்கள். மடிப்புக் கிடைத்தால் இன்னும் தளர்வு.

நுவரெலியாவிலும் ஹட்டனிலும் விடியற்குளிரில் பிள்ளையைத் தடித்த சுவெட்டர், அதற்கு மேல் மெத்தைபோன்ற ஜாக்கெட், தொப்பி என்று பொதிந்துதான் வெளியே எடுப்போம். அந்த ஜாக்கெட்டோடு வாரை இறுக்கினால் இறுகியதுபோலத் தெரியும். மோதலில் ஜாக்கெட்டின் பஞ்சு அழுந்தி, வார் விரற்கடைக் கணக்கில் தளர்ந்து, பிள்ளை நழுவிவிடும். மெல்லிய உடுப்போடு பிள்ளையைப் பூட்டிவிட்டு, வாருக்கு மேலே கம்பளியைப் போர்த்துங்கள். மலையகத்தில் இந்தப் பிழைதான் மிக எளிதாக நடக்கக்கூடியது.

றம்பொடை வளைவுகளில் பிள்ளைக்கு வாந்தி வரும். அழும் பிள்ளையைக் கழற்றி மடியில் வைக்கத்தான் மனம் சொல்லும். வளைவுகளில்தான் அந்த ஆசனம் அதிகம் வேண்டும். புறப்படுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் கனமாகச் சாப்பிடக் கொடுக்காதீர்கள். சொப்பிங் பேக் இரண்டும் ஈரத் துணியும் கையில் இருக்கட்டும். தாங்காவிட்டால் அகலமான இடமாகப் பார்த்து வாகனத்தை நிறுத்திவிட்டு இறக்குங்கள். பின்கதவின் குழந்தைப் பூட்டையும் போட்டு வையுங்கள்.

கர்ப்பிணித் தாய்மார் பட்டியை விடவேண்டாம். இடுப்புப் பகுதி வயிற்றுக்குக் கீழே, தொடை ஓரமாக. தோள் பகுதி மார்புகளுக்கு நடுவாக.

ஆட்டோ மட்டும்தான் முடியும் என்றால்

உண்மையைச் சொன்னால், உங்களில் பெரும்பாலானோர் ஆட்டோதான் வாங்குவீர்கள். அது பிழைப்பும் கூட. ஆனால் ஆட்டோவில் எந்தக் குழந்தை ஆசனத்தையும் பாதுகாப்பாகப் பூட்ட முடியாது. பட்டியும் இல்லை, அதைத் தாங்கும் சட்டகமும் இல்லை. கயிற்றாலோ துணியாலோ கட்டி வைக்காதீர்கள். கவிழ்ந்தால் பிள்ளை ஆசனத்தோடு மாட்டிக்கொள்ளும்.

அதனால் ஆபத்தைக் குறைக்கத்தான் முடியும். பிள்ளை பின்னால், இரண்டு பெரியவர்களுக்கு நடுவில். திறந்த பக்கத்தில் ஒருபோதும் வேண்டாம். சாரதியின் பக்கத்திலோ, கைப்பிடியைப் பிடித்தபடி முன்னால் நிற்கவைத்தோ கூட்டிப்போவது தோட்டங்களில் சாதாரணம். திடீர் பிரேக்கில் முதலில் கண்ணாடியில் மோதுவது அந்தப் பிள்ளைதான். வலப்பக்கம் தடுப்புக் கம்பி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். ஏற்றத்தில் ஆட்டோ பின்வாங்கும், வளைவில் கவிழும். கைக்குழந்தையோடு நீண்ட பயணம் என்றால், உதாரணமாக நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு என்றால், அன்று மட்டும் பட்டியுள்ள காரை வாடகைக்குப் பிடியுங்கள். உள்ளூர் குறுக்கு வழிக்கு ஆட்டோ, மலை இறங்கும் பயணத்துக்குக் கார் என்று பிரித்துக்கொள்வது நல்ல வழக்கம்.

மலைக்கு ஏற்ற வண்டி

பார்க்கப் போகும் வாகனத்தை டவுன் சமதரையில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு விலை பேசவேண்டாம். வீட்டு ஆட்கள் அத்தனை பேரையும் ஏற்றி உங்கள் தோட்டப் பாதையில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். பாதி ஏற்றத்தில் நிறுத்தி ஹேண்ட்பிரேக் போடுங்கள், நகரக்கூடாது. இறக்கத்தின் முடிவில் பிரேக் மிதி முன்பைவிட ஆழமாகப் போனாலோ கருகிய வாசம் வந்தாலோ அந்த வண்டி வேண்டாம், அல்லது பிரேக் வேலை முழுவதும் செய்து தந்தால் மட்டும்.

பெற்றோல் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு வருகிற பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. என்ஜினின் பிடி போய்விட்டால் முழுப் பாரமும் பிரேக்கில் விழும். பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போவது அப்படித்தான். என்ஜினையே நிறுத்திவிட்டால் கார்களில் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஓட்டோமேட்டிக் வண்டியிலும் தாழ்ந்த கியர் நிலை இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள்.

இந்தக் காலத்தில் இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். மகாவலி, களனி கரையோரங்களில் வெள்ளத்தில் மூழ்கிய வாகனங்கள் கழுவி மினுக்கி விற்பனைக்கு வரலாம். கண்டுபிடிக்க எளிய வழி ஆசனப்பட்டிதான். அதை முழுவதுமாக, கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். மேலே சுத்தமாகவும் அடியில் சேற்றுக் கோடாகவும் இருந்தால் வண்டி நீரில் இருந்திருக்கிறது. ஆசனத்தின் கீழ் இரும்புத் தண்டவாளத்தில் துரு, கம்பளத்தின் அடியில் மண், கண்ணாடியை மூடினால் பூஞ்சை வாசம் ஆகியவையும் சாட்சி. அப்படிப்பட்ட வண்டியின் பட்டி இறுகாமல் போகலாம், காற்றுப்பை வேலை செய்யாமலும் போகலாம்.

பத்திரங்களில், பதிவுச் சான்றிதழில் உள்ள சேசி இலக்கமும் என்ஜின் இலக்கமும் வாகனத்தில் இருப்பவைதானா என்று நீங்களே பாருங்கள். லீசிங் முடியாத வாகனத்தில் முழு உரித்தாளராக லீசிங் நிறுவனத்தின் பெயர் இருக்கும். அது நீங்காமல் பணம் முழுவதையும் கொடுக்கவேண்டாம். வெறும் கையெழுத்திட்ட "ஓப்பன் பேப்பரில்" வாங்கி, பெயர் மாற்றாமல் வருடக்கணக்கில் ஓட்டுவது மலிவாகத் தெரியும். விபத்து நடந்து காப்புறுதிக்குப் போகும்போதுதான் அதன் விலை தெரியும். தமிழில் எழுதாத பத்திரத்தில் கையெழுத்திடுமுன் வாசித்துச் சொல்ல நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிப்போங்கள், அல்லது எங்கள் களப் பணியாளரிடம் கொண்டுவாருங்கள்.

நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தால் ஆசனம் தேடி நேரத்தைக் கடத்தவேண்டாம். 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். தோட்டத்தின் பெயர், டிவிஷன், பிரதான வீதியிலிருந்து திரும்பும் சந்தி மூன்றையும் ஒரு தாளில் எழுதித் தொலைபேசி அருகில் ஒட்டி வையுங்கள், பதற்றத்தில் சொல்ல வராது. பாதை சரிந்து அம்புலன்ஸ் வரமுடியாத டிவிஷன் என்றால், எந்தச் சந்திவரை அது வரும், அதுவரை யாருடைய வண்டி என்று அயலவர்களோடு இப்போதே பேசி வையுங்கள். மண்சரிவு எச்சரிக்கை உள்ள நாளில் வண்டியை மண்மேட்டின் அடியில் நிறுத்தாதீர்கள். வெளியேறச் சொன்னால் உடனே வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117.